அண்ணன் காட்டிய இடத்தில் போட்ட கையெழுத்து

எனக்கு வருகிற போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். "வக்கீலம்மா, அப்பா சொத்துல எங்க அண்ணன் என்னை ஏமாத்திட்டான். கேஸ் போட முடியுமா?"

கேஸ் யார் வேண்டுமானாலும் போடலாம். அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்வதில்லை. திருப்பி ஒன்று கேட்பேன். "அப்பா போனதுக்கு அப்புறம் நீங்க எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"பட்டா மாத்தணும்னு ஏதோ ஒண்ணுல போட்டேங்க."

அந்த "ஏதோ ஒண்ணு" என்ன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கூடப் பிறந்தவர்களோ சித்தப்பா பெரியப்பாவோ சொத்தில் கை வைத்துவிட்டால் என்ன செய்யலாம் என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தக் காகிதம் உருவாகியிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் வழியும். வருத்தத்தையும் கோபத்தையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் காகிதத்தைத் தேடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. சிவில் பக்கம் தாலுகா கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தி, பார்த்ததை வைத்து எழுதுகிறேன். பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன். மற்றவர்களுக்கு என்ன என்பதைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். "பொம்பளைப் பிள்ளைக்குப் பங்குன்னு சட்டம் வந்ததே 2005-லதானே? எனக்குக் கல்யாணம் ஆனது 82-ல. எனக்கு எப்படி வரும்?" என்று கேட்கிற அக்காக்கள் இன்றும் வருகிறார்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, மனை, நிலம் எதுவானாலும், அவர் உயில் எழுதாமல் போய்விட்டால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. இது 1956-லேயே வந்துவிட்டது. அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு, அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அந்த அப்பாயிக்கும் ஒரு பங்கு. அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் நான்கு சம பாகம். அதில் கல்யாணம் எந்த வருடம் நடந்தது என்ற கேள்வியே கிடையாது.

1989-ம் 2005-ம் வருவது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில். 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்கு அதில் பிறப்புரிமைப் பங்கைத் தமிழ்நாடு கொடுத்தது. மத்தியச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பல வருடம் கோர்ட்டுகள் குழம்பிக்கொண்டிருந்தன. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தை முடித்துவைத்தது. மகள் பிறந்ததாலேயே உரிமை வருகிறது, அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஒரு விலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பத்திரம் பதிந்தோ கோர்ட் டிக்ரி மூலமோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. அண்ணன்மார் திடீரென்று ஒரு பழைய பாகப்பிரிவினைக் கதையை எடுத்துவருவது இதனால்தான். "அப்பவே வாயால பிரிச்சுக்கிட்டோம்" என்பார்கள். வாய்மொழிப் பாகத்தைக் கோர்ட் லேசில் ஏற்பதில்லை. தனித்தனிப் பட்டா, தனித்தனி வரி ரசீது என்று அரசாங்க ஆவணம் ஏதாவது காட்ட வேண்டும்.

1956-க்கும் முன்னால் தாத்தா இறந்துவிட்டார் என்பவர்களுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசல கவுண்டர் வழக்கில், உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்து பழைய இந்துச் சட்டப்படியும் மகளுக்கு வரும், கூட்டுக் குடும்பத்து ஆண் பங்காளிகளுக்குப் போகாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

"சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, பிரசவம் பார்த்தாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்ற வசனம் இல்லாத சொத்து வழக்கை நான் பார்த்ததில்லை. எதிர்வாதமாக எழுத்திலேயே வரும். கல்யாணத்தில் போட்ட பவுன் கணக்கைப் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பு இல்லை. சீர் வாங்கினால் பங்கு போய்விடும் என்று எந்தப் பிரிவும் கிடையாது. அண்ணன் மகன் படிப்புக்கு அப்பா செலவு செய்ததை யாரும் கணக்குப் போடுவதில்லையே.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

கள்ளக் கையெழுத்து, ஆள்மாறாட்டம் எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் குடும்பத்துக்குள் நடக்கிற ஏமாற்றில் பெரும்பகுதி அசல் கையெழுத்தில், முறையாகப் பதிந்த பத்திரத்தில் நடக்கிறது. காரியம் முடிந்த கையோடு ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே வரும். அதில் இறப்புச் சான்றிதழ் நகல்கள், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம், பேங்க் பாரம், ஆதார் ஜெராக்ஸ். அழுது வீங்கிய முகத்தோடு எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். இதுவரை ஒன்றும் ஆபத்தில்லை. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பது. இன்னார் இன்னார் வாரிசு என்று அதில் இருக்கும், அவ்வளவுதான். அதனால் சொத்து யாருக்கும் கை மாறிவிடாது.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு அழைப்பு வரும். "தங்கச்சி, பட்டா மாத்தணும்னா எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணுமாம். கார் அனுப்புறேன், ரெஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயிடு. மாப்பிள்ளை வேலைக்குப் போகட்டும், நீ மட்டும் வந்தாப் போதும்."

இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். இறந்தவர் பெயரில் இருக்கிற பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல் ஏற வேண்டிய அவசியமே இல்லை. பட்டா வருவாய்த் துறை வேலை. இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸோடு முடிந்துவிடும். சாவுக்குப் பிறகு உங்களை சார்பதிவாளர் முன்னால் கேமராவைப் பார்க்கச் சொல்லி, விரல் ரேகை எடுத்து, "எழுதிக் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்கிறார்கள் என்றால், நீங்கள் எதையோ யாருக்கோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரம். உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக, இத்தனை ரூபாய் ரொக்கம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கும். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. விற்பனைப் பத்திரம் என்றால் தீர்வை மட்டுமே 7 சதவீதம். கோடி ரூபாய் வீட்டின் பங்கை ஐம்பதாயிரம் செலவில் வாங்கிவிட முடிகிற வசதி இது. குடும்பங்கள் சுமுகமாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்று அரசு கொடுத்த சலுகைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஏமாற்றுகிறவனுக்கும் அதே ரேட்தான்.

பத்திர எழுத்தர் படித்துக் காட்டியதாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். படித்தாரா என்று கேட்டால், "வேகமா வாசிச்சாருங்க, அண்ணன் காட்டின எடத்துல போட்டேன்" என்பார்கள்.

ஆகவே முதல் வேலை, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. பதிவுத் துறையின் இணையதளத்தில் ஊர், சர்வே எண், காலம் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். விடுதலை, செட்டில்மென்ட், கிரயம், அடமானம் என்று பதிவானது எதுவாக இருந்தாலும் தேதி, பத்திர எண்ணோடு வரும். அந்த எண்ணை வைத்துச் சான்றிட்ட நகல் எடுங்கள். உங்கள் பெயர் "எழுதிக் கொடுத்தவர்" இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கின் முகமே வேறு.

ஏனென்றால், நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரம் என்றால் அதை ரத்து செய்யச் சொல்லித்தான் வழக்குப் போட வேண்டும். அதுவும் மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள். ஏமாற்றிய விதத்தை வெறுமனே "மோசடி செய்தார்" என்று எழுதினால் போதாது. யார் அழைத்துப் போனது, என்ன சொல்லி அழைத்துப் போனது, பணம் கைமாறியதா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா, கூட யார் இருந்தார்கள் என்று விவரமாகச் சொல்லி நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். நேர்மையாகச் சொன்னால், கஷ்டமான வழக்கு. அதிலும், "பத்திரத்தில் போட்ட அஞ்சு லட்சம் எனக்கு வரவே இல்லை" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பணம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பதிந்த பத்திரம் பொதுவாக ரத்தாவதில்லை. பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். பட்டா மாற்றம் என்று நினைத்து எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைத்த பத்திரத்தை வேறு விதமாகக் கோர்ட் பார்க்கும். காகிதம் என்ன வகை என்பதிலேயே ஏமாற்றியதும், வகை தெரிந்து போட்டபின் உள்ளடக்கத்தில் ஏமாற்றியதும் சட்டத்தில் ஒன்றல்ல.

உங்கள் கையெழுத்து இல்லாமல் மற்றவர்கள் மட்டும் எழுதிக்கொண்ட பத்திரம் என்றால் நிலைமை எவ்வளவோ தேவலாம். அதை ரத்து செய்யவே வேண்டாம். "அது என் பங்கைக் கட்டுப்படுத்தாது" என்று கோர்ட் அறிவித்தால் போதும். அம்மா முழு வீட்டையும் தம்பிக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டார் என்று பதறிப்போய் வருவார்கள். அப்பா பெயரில் இருந்த வீடு என்றால், அம்மாவும் மூன்று பிள்ளைகளும் என்று மேலே சொன்ன கணக்கில் அம்மாவுக்கு இருந்ததே நாலில் ஒரு பங்கு. அந்தக் கால் பாகத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதை யாரும் தட்டிக் கேட்க முடியாது. மீதி முக்கால் பாகத்தை எழுத அவருக்கு உரிமை இல்லை.

மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்வார் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி இன்னும் சுற்றுகிறது. பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று ஒரு பிரிவைத் தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்தது உண்மை. அது செல்லாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமை யாருக்கு என்று தீர்ப்பது சிவில் கோர்ட் வேலை, பதிவுத் துறை அதிகாரியின் வேலை இல்லை என்பதுதான் அதன் சாரம். மனுவை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அந்த 3 வருடத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

போலீஸ்? இறந்தவர் கையெழுத்தைப் போட்டிருந்தாலோ, உங்களுக்குப் பதில் வேறொருத்தியை உட்காரவைத்துப் பதிந்திருந்தாலோ, போலி வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயரை விட்டிருந்தாலோ தாராளமாகப் போங்கள். அது குற்றம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். நில அபகரிப்புக்கென்று 2011-லிருந்து மாவட்டங்களில் தனிப் பிரிவே இருக்கிறது. மற்றபடி "பங்கு தர மாட்டேங்கிறான்" என்று போனால், "இது சிவில் மேட்டர்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர்கள் சொல்வது சரி.

பட்டாவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள் என்றால், பயப்படாதீர்கள். பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. தாசில்தார் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் போடலாம். தகராறு பெரிதாக இருந்தால் அவர்களே சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். பட்டாவைக் காட்டி வெளியாள் யாருக்காவது விற்றுவிடக்கூடாதே என்பதற்காக ஒரு ஆட்சேபணை மனு கொடுத்துவைப்பது நல்லது.

உயில் என்று ஒன்று திடீரென்று முளைத்தால்? வில்லங்கத்தில் உயில் தெரியாது. பதிவு செய்த உயில்கூட வேறொரு புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர யாருக்கும் நகல் கிடையாது. அவர் இறந்தபின், இறப்புச் சான்றிதழோடு யார் மனுப் போட்டாலும் நகல் தருவார்கள். அதை முதலில் வாங்குங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து, "அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். பதிவு ஆகியிருக்கிறது என்பதாலேயே உயில் நிரூபணமாகிவிடாது. உயிலைக் காட்டுகிறவர்தான் சந்தேகங்களைத் தீர்த்துவைக்க வேண்டும் என்று 1958-லேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பலன் அடைகிறவரே பத்திர எழுத்தரை அழைத்துவந்தாரா, எழுதியபோது அப்பா எந்த வார்டில் படுத்திருந்தார், பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட ஏன் இல்லை என்பது மாதிரியான சந்தேகங்கள். ஒரு உயிலில் சாட்சிகள் இரண்டு பேரும் பெரிய மகனின் லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவர்களாக இருந்தார்கள். குறுக்கு விசாரணையில் ஒருவருக்கு அப்பா கையெழுத்துப் போட்டது எந்த அறையில் என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொருவர், அப்பா கட்டிலில் உட்கார்ந்து போட்டதாகச் சொன்னார். அந்த மாதத்தில் அவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார் என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்களிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

எதுவுமே எழுதவில்லை, சும்மா வைத்துக்கொண்டு அனுபவிக்கிறார்கள், கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள் என்பதுதான் அதிகம் வருகிற ரகம். இதற்கு மருந்து பாகப்பிரிவினை வழக்கு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் போடுவது வழக்கம். விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் நேரே வழக்கும் இடைக்காலத் தடை மனுவும் போட்டுவிடுவேன். தடை கிடைத்தால் அதன் நகலை அன்றைக்கே சார்பதிவாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தடை கிடைக்காவிட்டாலும், வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு அது. செய்தித்தாளில் ஒரு பொது அறிவிப்பு கொடுத்தால் பாதி ஆட்கள் முன்பணம் கொடுக்கவே யோசிப்பார்கள்.

நீதிமன்றக் கட்டணம் பற்றித் தெரியாமல் நிறையப் பேர் பயந்து ஒதுங்குகிறார்கள். நீங்களும் கூட்டாக அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் சிறிய, நிலையான கட்டணம்தான். உங்களை அனுபவத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நீங்களே பிராதில் எழுதினால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். கோபத்தில் "15 வருஷமா என்னை உள்ளேயே விடலை" என்று எழுதச் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியம் கட்டணத்தையும் ஏற்றும், எதிர்த் தரப்புக்குக் காலாவதி வாதத்தையும் கையில் கொடுக்கும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்ததிலிருந்து 12 வருடம் என்று ஒரு கெடு இருக்கிறது. அதற்காகப் பொய் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு பங்காளி அனுபவித்தால் அது எல்லாப் பங்காளிகளுக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து வெளியே தள்ளினால்தான் கதை மாறும். நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், தீபாவளிக்குப் போனால் அதே வீட்டில் தங்குகிறீர்கள், தேங்காய் இரண்டு மூட்டை வாங்கி வருகிறீர்கள் என்றால் அது தள்ளிவிட்டது ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எப்படி எழுதுவது என்பதை வக்கீலிடம் விடுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு இரண்டு தவணையில் வரும். முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது "இன்னாருக்கு நாலில் ஒன்று" என்று பங்கை மட்டும் சொல்வது. அதை வாங்கிக்கொண்டு இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. நிலம் கையில் வந்திருக்காது. இறுதித் தீர்ப்பாணைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். அதற்குக் காலக்கெடு இல்லை என்பதால் அப்படியே கிடப்பில் போட்டு, அடுத்த தலைமுறையில் பேரன்கள் தூசு தட்டிய கட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இறுதிக் கட்டத்தில் ஒரு வக்கீல் ஆணையர் வருவார், கூடவே சர்வேயர். வயலில் அளவைச் சங்கிலியோ இப்போதைய கருவியோ வைத்து அளக்கும்போதுதான் குடும்பத்தின் அத்தனை சண்டையும் ஒருசேரத் தெரியும். ரோட்டுப் பக்கம் யாருக்கு, உள் பக்கம் யாருக்கு என்பதில் ஆரம்பிக்கும். உள்ளே போகிறவருக்கு எட்டடி வண்டிப் பாதை விட வேண்டும், அது யார் பங்கிலிருந்து? கிணறு ஒன்றுதான். அதைக் கூறு போட முடியாது. கிணற்றைப் பொதுவில் வைத்து, மோட்டார் ஓட்டும் நாளை முறை போட்டு, கரண்ட் இணைப்பு யார் பெயரில் இருக்கும் என்பது வரை அறிக்கையில் எழுத வேண்டும். தென்னையை எண்ணுவார்கள். ஒரு பக்கம் மதிப்பு கூடினால் மற்றவருக்குப் பணமாக ஈடு கொடுக்கச் சொல்வார்கள். 20 அடி அகல மனை வீட்டை நாலாகப் பிரிக்கவே முடியாது என்றால், விற்றுப் பணத்தைப் பங்கிட உத்தரவாகும். வீட்டுக்கு ஒரு மதிப்புப் போட்டு மற்றவர்கள் பங்கை ஒருவரே வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. வாடகை, குத்தகை, மகசூல் என்று இத்தனை நாள் அவர்கள் தின்றதில் உங்கள் பங்கையும் கேட்கலாம். பொதுவாக வழக்குக்கு முந்தைய 3 வருடமும், வழக்கு ஓடும் காலமும். இதைப் பிராதிலேயே கேட்டுவிட வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளியாளுக்கு விற்றே விட்டார்கள் என்றாலும் ஆடிப்போகாதீர்கள். அண்ணனால் விற்க முடிவது அவன் பங்கை மட்டும்தான். வாங்கியவர் அண்ணன் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவே. குடியிருக்கும் வீட்டில் பிரியாத பங்கை வாங்கிய வெளியாள் பாகம் கேட்டு வந்தால், அவர் பங்கை மதிப்புப்படி நீங்களே வாங்கிக்கொள்ள 1893-ம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அவர் அங்கே அடுக்குமாடி கட்டி முடிக்கிற வரை வேடிக்கை பார்த்துவிட்டுப் பிறகு போனால், கோர்ட்டும் உங்கள் பங்கை வேறு இடத்தில் ஒதுக்கப் பார்க்கும், அல்லது பணத்தில் முடிக்கப் பார்க்கும்.

பேங்க் பணத்தில் தகராறு வேறு மாதிரி. "நாமினி நான்தான், எனக்குத்தான் முழுசும்" என்று தம்பி டெபாசிட்டை எடுத்துக்கொள்வான். ஆனால் நாமினி என்பவர் பேங்கிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ள மட்டும் தகுதி உள்ளவர். வாங்கியதை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வித்தியாசம். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் எழுதியிருக்கிறது. நாமினியே இல்லாத டெபாசிட்டில் பெரிய தொகை என்றால், பேங்க் கோர்ட் தருகிற வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்கும். தாசில்தார் தருவதும் இதுவும் வேறு வேறு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைகிறவர்கள் ஏராளம்.

எனக்கு மிகவும் கோபம் வருகிற ரகம், சின்ன வயதில் கணவனை இழந்த பெண்களுக்கு நடப்பது. பதினாறாம் நாளே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புருஷன் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. மாமனாருக்கு அதில் பங்கு இல்லை, மச்சினனுக்கும் இல்லை. பின்னால் அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் ஏற்கெனவே வந்த பங்கு போகாது. குழந்தை பெயரில் இருக்கிற அசையாச் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் பெற்றோர் விற்றிருந்தால், மேஜர் ஆன 3 வருடத்துக்குள் அந்தப் பிள்ளை அதை எதிர்க்கலாம். கூட்டுக் குடும்பத்தில் பிரியாத பங்கு என்றால் அதற்கு விதி வேறு. சித்தப்பா மாதிரி ஆட்கள் "கார்டியன்" என்று தாங்களாகவே கையெழுத்துப் போட்டு விற்றிருந்தால் அந்த விற்பனைக்கு அடிப்படையே இல்லை.

உயிரோடு இருக்கிற பெற்றோருக்கு ஒரு வழி தனியாக இருக்கிறது. பார்த்துக்கொள்வான் என்று மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் சோறு போடவில்லை என்றால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். பத்திரத்தையே செல்லாததாக்க முடியும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சமமாக. முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்குகள். மகளுக்கு மகனின் பங்கில் பாதி, உயில் பொதுவாக மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் செல்லாது. பங்கு எவ்வளவு என்பதுதான் மாறும். பத்திரம், தடை, பாக வழக்கு என்று மேலே சொன்ன வழிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது.

"கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் ஆகும், அதுக்குப் பதிலா ஊர்ப் பெரியவங்களை வச்சுப் பேசிடலாமே" என்பவர்களை நான் தடுப்பதே இல்லை. பேசித் தீர்வது நல்லதுதான். ஆனால் பேசி முடித்ததை வெள்ளைத் தாளில் கூர்ச்சீட்டாக எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால் அது நாளைக்கு அரை உயிர்தான். பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிந்துவிடுங்கள். மேலே சொன்ன அதே 1 சதவீதம்தான். வழக்குப் போட்டபிறகு சமரசம் என்றால் கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் இருக்கிறது, மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டிய கட்டணம் திரும்ப வரும், அந்த முடிவின் மேல் அப்பீலும் கிடையாது. அப்பீல் கிடையாது என்பதால் அங்கேயும் நிதானமாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வக்கீல் பீஸ் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்கிப்போகும் பெண்களுக்கு ஒன்று. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தாலுகா அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள். போகும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரத்தின் நகல், பட்டா, வீட்டு வரி ரசீது, கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூலப்பத்திரம் அண்ணனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பதிவானது என்றால் சான்றிட்ட நகல் யாருக்கும் கிடைக்கும், அதற்கு அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.